ஆழத்துக்கு ஏற்ற காற்று

 

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ தாய்மொழியின் சிறப்புப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை என்னிலும் நன்கு எழுத வல்லோர் நம்மிடையே பலர் உளர். நான் ஊரில் விஞ்ஞானம் கற்பித்தவன். ஆகையால், ஆழமான மீன்தொட்டி ஒன்றுக்குக் காற்றுப் பம்பியையும் காற்றுக்கல்லையும் எவ்வாறு தெரிவு செய்வது என்பது பற்றி எழுத விழைகின்றேன். தமிழ்ப் பாடசாலை மலருக்கு இது என்ன பொருள் என்று எண்ணாது இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகின்றேன். இலண்டனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் மீன்தொட்டி உண்டு என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி.

2022 ஆம் ஆண்டின் கோடை அது. அவ்வாண்டு யூலை 19 ஆம் நாள் இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியசைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னர், சனிக்கிழமை இடைவேளையின்போது பதின்மூன்று வயதுடைய அம்மாணவி என்னிடம் வந்தாள். அவளுடைய வீட்டில் ஆழமான கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஏஞ்சல் மீன்கள் ஐந்து இருந்தன. அம்மீன்கள் தட்டையான உடலும் மேலும் கீழும் நீண்ட செட்டைகளும் உடையவை. ஆதலால் ஆழமான தொட்டியே அவற்றுக்கு உகந்தது. அத்தொட்டி அவளுடைய அம்மம்மாவின் அறையில் வைக்கப்பட்டிருந்தது. பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்ற பின்னர் அந்த முதியவருக்கு அம்மீன்களே துணை.

ஐந்து மீன்களில் இரண்டு அவ்வாரத்தில் இறந்துவிட்டன. எஞ்சிய மூன்றும் காலை வேளைகளில் நீரின் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுப் பம்பியின் இரைச்சலால் உறக்கம் கெடுகின்றது என்று அம்மம்மா இரவில் அதனை நிறுத்திவிடுவதே காரணம் எனப் பிள்ளை கண்டுபிடித்திருந்தாள்.

"சேர், அம்மம்மா இரவிலை பம்பை ஓஃப் பண்ணுறா. ஏன் பண்ணக்கூடாது எண்டு எனக்குத் தமிழிலை சொல்லத் தெரியேல்லை" என்றாள்.

சொல்லத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தில் உரத்துப் பேசியிருக்கின்றாள். பேர்த்தி தன்னை ஏசுகின்றாள் என்பது மட்டுமே அம்மம்மாவுக்கு விளங்கியிருக்கின்றது. இரண்டு நாட்களாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர்களுடைய வீட்டுக்குச் சென்றேன். தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் 75 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. நீர் 70 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நின்றது. அடியிற் கிடந்த காற்றுக்கல்லிலிருந்து எண்ணக்கூடிய சில குமிழிகளே மேலெழுந்தன. பம்பியோ மரப்பெட்டகத்தின் மேல் நின்று அறை முழுவதும் கேட்கும்படி இரைந்துகொண்டிருந்தது. அம்மம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாஸ்ரர், ஊரிலை குளத்து மீனுக்கு ஆர் பம்பி வைச்சது?"

மாணவர்களே, இது மிகச் சிறந்த விஞ்ஞானக் கேள்வி. இதற்கு விடை கூற முற்பட்டால், காற்றுப் பம்பி பற்றி நாம் அறியவேண்டிய அனைத்தும் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

குளத்து மீனும் தொட்டி மீனும் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையே பூக்களால் உறிஞ்சிச் சுவாசிக்கின்றன. ஒட்சிசன் நீரிற் கரைவது மிகக் குறைவு. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனையே கொள்ளும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் ஒரு லீற்றர் காற்றிலோ ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. நீர் சூடேறும்போது அதிலுள்ள ஒட்சிசன் குறைய, மீனின் தேவையோ கூடுகின்றது. கோடையில் மீன் திணறுவது இதனாலேயே.

இந்த ஒட்சிசன் நீரினுள் நுழையும் வாசல் நீரின் மேற்பரப்பாகும். நம் வன்னிக் குளங்கள் பரந்தவை. பரப்போடு ஒப்பிடுமிடத்து ஆழம் குறைந்தவை. அவற்றின் மேல் காற்றுத் தடையின்றி வீசி நீரை அலைத்துக்கொண்டே இருக்கின்றது. குளத்து மீனுக்குப் பம்பி வைத்தது சோளகமும் வாடையும்தான். கோடையிற் குளம் வற்றிச் சேறாகும்போது விராலும் பனையேறிக் கெண்டையும் மேலெழுந்து காற்றையே நேரடியாக விழுங்கி உயிர் பிழைக்கும். ஏஞ்சல் மீனுக்கு அவ்வாற்றல் இல்லை. இதைக் கூறியபோது அம்மம்மா தலையசைத்தார். விரால் வாய் திறப்பதை அவர் கண்டிருக்கின்றார்.

இப்போது தொட்டியைக் கவனிப்போம். 100 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய தொட்டி 200 லீற்றர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 4000 சதுர சென்ரிமீற்றர். நம் மாணவியின் தொட்டியும் விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ அதே கொள்ளளவுதான்; ஆனால் மேற்பரப்போ 2700 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. உறைவோர் தொகை ஒன்றே; வாசல் மட்டும் சிறுத்துவிட்டது. அத்துடன், அசையாத நீரில் ஒட்சிசன் தானாகப் பரவுவது மிக மெதுவாகவே நிகழும். மேற்பரப்பிலிருந்து அரை மீற்றர் ஆழத்தை அது பரவல் ஒன்றினால் மட்டும் சென்றடைய ஆண்டுக்கணக்காகும்.

ஆகவே, காற்றுப் பம்பியின் தலையாய பணி என்னவென்று இப்போது கூறலாம். குமிழிகள் மேலெழும்போது தம்முடன் அடிநீரையும் மேலே இழுத்து வருகின்றன. மேலே வந்த நீர் காற்றைத் தொட்டு ஒட்சிசனைப் பெற்று மீண்டும் கீழே செல்கின்றது. குமிழியிலிருந்து நேரே கரையும் ஒட்சிசனும் உண்டாயினும், வழக்கமான தொட்டிகளிற் பெரும்பங்கு மேற்பரப்பின் வழியாகவே வருகின்றது. இரவில் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை வெளிவிடாது தாமே எடுத்துக்கொள்வதால், பம்பி இரவிலேதான் கூடுதலாக வேண்டப்படுகின்றது.

இனி, அந்தப் பம்பி ஏன் திணறியது என்பதை நோக்குவோம். அதன் பெட்டியில் "200 லீற்றர்த் தொட்டிக்கு உகந்தது" என்று எழுதப்பட்டிருந்தது. மணிக்கு இத்தனை லீற்றர் காற்றுத் தரும் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளும் என்ற குறிப்பு மட்டும் இல்லை. ஆழமான தொட்டிக்குப் பம்பி வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது அக்குறிப்பையே.

நான் 2003 ஆம் ஆண்டு முதல் வன்னியில் ஒரு பாடசாலையிற் கற்பித்தேன். ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்கது அங்கு இருக்கவில்லை. நீரின் அமுக்கத்தைக் கற்பிப்பதற்குப் பால்மாப் பேணி ஒன்றை எடுத்து, மேலும் நடுவிலும் கீழுமாக ஆணியால் மூன்று துளைகள் இட்டு நீரை நிரப்புவேன். மேல் துளையிலிருந்து நீர் தளர்ந்து வடியும். கீழ்த் துளையிலிருந்து விசையுடன் பாயும். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடம்பெயர்ந்து மரத்தடியில் வகுப்பு நடத்தியபோதும் இதே பேணிதான் கருவியாக இருந்தது. ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும் என்ற உண்மையை அப்பிள்ளைகள் அதிற் கண்ணாற் கண்டார்கள்.

ஏறத்தாழ 10 மீற்றர் ஆழமுள்ள நீர், வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான அமுக்கத்தைத் தரும். 70 சென்ரிமீற்றர் நீர் தருவது ஏறத்தாழ 69 மில்லிபார். அடியிற் கிடக்கும் கல்லிலிருந்து ஒரு குமிழி வெளிவர வேண்டுமானால், பம்பி முதலில் இந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். பெட்டியிற் குறிக்கப்படும் லீற்றர்க் கணக்கோ பெரும்பாலும் எதிர்ப்பு இல்லாதபோது, அல்லது மிகக் குறைவாக உள்ளபோது அளக்கப்படுவது. ஆழம் கூடக் கூட அது குறைந்துகொண்டே வந்து, ஓர் எல்லையில் முற்றாக நின்றுவிடும்.

அடுத்தது காற்றுக்கல். கடைக்காரர் இதனை எயார் ஸ்ரோன் என்பார். நுண்டுளைகள் நிறைந்த இக்கல் காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரிக்கின்றது. நான்கு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குமிழியை இரண்டு மில்லிமீற்றர்க் குமிழிகள் எட்டாகப் பிரித்தால், காற்றின் அளவு மாறாது நீரைத் தொடும் பரப்பு இரு மடங்காகும். சிறு குமிழி மெதுவாக எழுவதால் நீருடன் கூடிய நேரமும் இருக்கும். இந்நன்மைகளைக் கேட்டுப் பலர் மிக நுண்ணிய கல்லையே வாங்கிவிடுகின்றனர். ஆனால் நுண்டுளை தனக்கென ஒரு வரியையும் அறவிடுகின்றது. நீரின் மேற்பரப்பு இழுவிசையை வென்று 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையூடாகக் காற்று வெளிவர, மேலும் ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர் நீருக்கு ஈடான அமுக்கம் வேண்டும். துளை 0.05 மில்லிமீற்றராயின் அது ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் ஆகும். 70 சென்ரிமீற்றர்த் தொட்டியில் இத்தகைய கல்லை இடுவது, பம்பிக்குத் தொட்டியின் ஆழத்தை 128 சென்ரிமீற்றராகக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

பாடசாலையிற் கூட்டல் படித்த எவரும் இனிக் கணக்குப் போடலாம். நீரின் ஆழம் 70. நடுத்தரக் கல்லுக்கு 30. ஆக 100 சென்ரிமீற்றர். குழாயின் தடைக்கும், நாளடைவிற் கல் அடைபடுவதற்கும், பம்பியினுள் உள்ள றப்பர்த் தகடு தளர்வதற்கும் இடம் வைத்து, ஒன்றரை மீற்றருக்குக் குறையாது தள்ளவல்ல பம்பியைத் தெரிவு செய்தல் நன்று. பெட்டியில் இக்கணக்கு நீர் மீற்றரிலோ, மில்லிபாரிலோ, மெகாபஸ்கலிலோ இருக்கலாம். 100 மில்லிபாரும் 0.01 மெகாபஸ்கலும் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீருக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆயினும் அன்று அவ்வீட்டிற் புதிய பம்பி வாங்கவில்லை. கல்லைப் பிடித்து 35 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உயர்த்துமாறு மாணவியிடம் கூறினேன். உடனே குமிழிகள் திரளாக எழுந்தன. ஆனால் கல்லை அங்கேயே விட்டால் அதற்குக் கீழேயுள்ள நீர் போதியளவு அசையாது. ஆகவே, 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை நிறுத்திவைத்தோம். அதன் கீழ்முனை அடியிலிருந்து சற்று உயர்ந்தும் மேல்முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழும் இருந்தன. சிறிய கல் ஒன்றைக் காற்றுக் குழாயுடன் அதனுள் 35 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கினோம். குமிழிகள் கலந்த நீர் பாரம் குறைந்து குழாயினுள் மேலெழ, அதன் இடத்தை நிரப்ப அடிநீர் கீழ்முனையூடாக ஏறி வருகின்றது. பம்பி வெல்வது பாதி ஆழத்தையே. மேலே வருவதோ முழு ஆழத்தின் நீர். தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் அசைந்தது.

அடுத்தது இரைச்சல். இவ்வகைப் பம்பியினுள் ஒரு மின்காந்தம் உண்டு. இந்நாட்டின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை அலைவதால், காந்தம் பூட்டிய சிறு கரமும் அவ்வாறே அசைந்து றப்பர்த் தகட்டை அமுக்கியும் இழுத்தும் காற்றைத் தள்ளுகின்றது. அந்த அதிர்வே நாம் கேட்கும் ஒலி. திணறும் பம்பி கூடுதலாக இரையும், சூடேறும், தகடும் விரைவிற் கிழியும். வெறுமையான மரப்பெட்டகத்தின் மேல் வைத்தாலோ பெட்டகம் மேளம்போல் ஒலியைப் பெருக்கும். தடித்த பஞ்சு ஒன்றை அடியில் வைத்தபின் பெருமளவு அமைதி உண்டாயிற்று. "இப்ப பரவாயில்லை, கிடக்கட்டும்" என்றார் அம்மம்மா.

பெற்றோர்கள் கவனிக்கவேண்டியவை வேறு சிலவும் உள. பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் நன்று. இயலாவிடின், குழாயின் இடையே ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து பம்பியை அடையக்கூடும். மின்கம்பி செருகியை அடையுமுன் ஒரு தடவை கீழே வளைந்து தொங்குமாறு விடுக. கம்பி வழியே வடியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். காற்றுக் குழாய் பொதுவாக 4 மில்லிமீற்றர் உள்விட்டம் உடையது. நாட்பட இறுகியதை மாற்றுக.

இலண்டன் நீர் சுண்ணாம்பு மிகுந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போலவே கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே சுண்ணாம்பு கல்லின் துளைகளையும் அடைக்கும். கல்லை இடையிடையே வெளியே எடுத்து வினாகிரியில் ஊறவிட்டு, நன்கு கழுவிய பின்னரே மீண்டும் இடுக. மலிவான பொருளாதலால் புதிதாக வாங்கினும் தகும். மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 4 வாற்றுப் பம்பி ஆண்டு முழுவதும் இரவும் பகலும் இயங்கினாலும் ஏறத்தாழ 35 அலகு மின்சாரமே செலவாகும்.

அன்று நான் கூறியவற்றில் அம்மம்மாவுக்குக் கூறவேண்டியவற்றை மாணவியையே கூறச் செய்தேன். அவள் தடுமாறிய இடத்தில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அமுக்கம், மேற்பரப்பு, கரைதல், குமிழி, அடிநீர் எனச் சொற்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சைக்கிள் ரியூப்பில் ஓட்டை தேடும்போது நீருள் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதை அம்மம்மா நினைவுபடுத்தினார். அது பிள்ளைக்குப் புதிய செய்தி. அரைமணி நேரம் அவ்விருவரும் தமிழில் விஞ்ஞானம் பேசினார்கள். அந்த மாதத்துக் கடும் வெப்பத்திலும் மூன்று மீன்களும் பிழைத்துக்கொண்டன.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் தமிழில் வணக்கம் சொல்கின்றார்கள், உணவு கேட்கின்றார்கள், மேடையேறித் தாய்மொழியின் பெருமையைப் பேசுகின்றார்கள். ஆனால் ஒன்று ஏன் நிகழ்கின்றது என்று விளக்க வேண்டிய வேளையில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றார்கள். அது அவர்களுடைய குறையன்று. "ஏன்" என்பதற்கு விடை சொல்லும் தமிழை அவர்கள் எங்கே கேட்டார்கள்? பாடசாலையில் நாம் கற்பிப்பது வாரத்துக்குச் சில மணி நேரம். அதிலும் பெரும்பகுதி எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் போய்விடுகின்றது. பின்னர் வீட்டில் ஒரு முதியவருடன் கருத்து மாறுபடும் நாளிற் சொற்கள் இல்லாது போகின்றன. சொல் இல்லாத இடத்திற் கோபம் வந்து நிற்கின்றது.

இங்கு வந்த நாள்முதல் என் ஆசிரியச் சான்றிதழ் ஓர் உறையினுள்ளேதான் இருக்கின்றது. வார நாட்களில் நான் கடையொன்றிற் பணி புரிகின்றேன். அதுபற்றி எனக்கு மனக்குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கற்ற பௌதிகவியல் தமிழிற் கற்றது. அதற்கு இந்நகரிலும் ஒரு வேலை உண்டு என்பதை அன்று கண்டேன்.

ஆதலால் ஒரு வேண்டுகோளை இங்கு முன்வைக்கின்றேன். அடுத்த ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் "ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது" என்பதை ஒரு பிரிவாகச் சேர்க்குமாறு நிருவாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன். கேத்தில், சைக்கிள் பம்பி, குளிர்சாதனப்பெட்டி, மீன்தொட்டி என எதுவாயினும் ஆகலாம். மூன்று நிமிடம் போதும். மாணவர்கள் மனப்பாடம் செய்யாது, வீட்டிலுள்ள பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ விளக்குவதுபோற் பேச வேண்டும்.

மாணவச் செல்வங்களே, அதற்குரிய சொற்கள் வேண்டுமாயின் சனிக்கிழமை இடைவேளையில் என்னிடம் வாருங்கள். பால்மாப் பேணியும் ஆணியும் கொண்டுவருகின்றேன்.